மருத்துவமனைக் கட்டிலில் கையெழுத்து வேண்டாம்
விபத்து, காப்புறுதி, இழப்பீடு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் மார்க்கெட்டுக்குப் போன என் கணவரை, சந்திலிருந்து வெளியே வந்த கார் ஒன்று மோதிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கம்பி வைத்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மறுநாளே இரண்டு பேர் வார்டுக்கு வந்து, "லாயர் ஆபீஸிலிருந்து வருகிறோம், நீங்கள் ஒரு காசும் தரவேண்டாம், கிடைக்கும் பணத்தில் முப்பது விழுக்காடு போதும்" என்று ஃபாரத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போடலாமா?
— வாசகி, செந்தூல்

பதில்: போடாதீர்கள் அம்மா. வலி மருந்தில் அரைத் தூக்கத்தில் கிடப்பவரிடம் வாங்கும் கையெழுத்து அவர் நன்மைக்காக வாங்குவதில்லை. வந்தவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர். ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்குகிறவர்கள். வென்றால் மட்டும் கட்டணம் என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த முப்பது விழுக்காடு பேச்சே சட்டத்துக்குப் புறம்பானது.

உங்கள் கணவருக்கு வழக்கறிஞர் தேவையில்லை என்று சொல்லவில்லை. எலும்பு முறிவு, ஆபரேஷன், மாதக்கணக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்பு) என்றால் கட்டாயம் தேவை. ஆனால் நீங்கள் தேடிப் போகவேண்டும், அவர்கள் தேடி வரக்கூடாது. மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயரைத் தேடினால், அவர் தொழில் செய்ய உரிமை உள்ளவரா, அலுவலகம் எங்கே என்று தெரியும். அலுவலகத்துக்கே போய் வழக்கறிஞரை முகத்துக்கு முகம் பாருங்கள். குமாஸ்தாவைத் தாண்டி உள்ளே விடமாட்டார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். கட்டணம் எவ்வளவு, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். இழப்பீட்டுப் பணம் வழக்கறிஞர் அலுவலகத்தின் கட்சிக்காரர் கணக்குக்குத்தான் வரும்; கணக்கு அறிக்கையோடு உங்கள் கணவர் பெயரில் காசோலை தரவேண்டும். வசதி இல்லாதவர்களுக்கு மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன.

முப்பது விழுக்காடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் பாருங்கள். குடிமையியல் சட்டம் 1956, பிரிவு 28ஏ, எதிர்காலச் சம்பள இழப்பைக் கணக்கிடும் முறையைச் சொல்கிறது. 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, காயம் பட்டபோது 30 வயதோ அதற்குக் குறைவோ என்றால் 16 ஆண்டுச் சம்பளம் கணக்கில் வரும். 31 முதல் 59 வரை என்றால் 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்கவேண்டும். உங்கள் கணவருக்கு 40 வயது என்று வைத்துக்கொண்டால் 10 ஆண்டு வரும். கால் பழையபடி ஆகாமல் மாதம் 800 வெள்ளி வருமானம் குறைந்தால், 800 பெருக்கல் 12 பெருக்கல் 10, ஆக 96,000 வெள்ளி. சொந்த வாழ்க்கைச் செலவு என்று நீதிமன்றம் ஒரு பங்கைக் கழிக்கும். வலி வேதனைக்கு, மருத்துவச் செலவுக்கு என்று தனித்தொகைகள் சேரும். அந்த 96,000இல் மட்டும் தரகர் கேட்கும் பங்கு 28,800 வெள்ளி. நடக்கச் சிரமப்படும் மனிதரின் பல மாதச் சம்பளம் அது.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் விபத்துக்கு முன் அவர் உழைத்துச் சம்பாதித்தார் என்று காட்டவேண்டும். சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் இங்கே அடிபட்டுப்போகிறார்கள். முதலாளியிடம் இப்போதே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். போலீஸ் ரிப்போர்ட், சம்பவ இட வரைபடம், விசாரணை முடிவு, எக்ஸ்ரே, எல்லா எம்.சி.யும், மருந்து, டாக்சி, ஊன்றுகோல் ரசீதுகளின் அசலும் வேண்டும். ரசீதில் எழுத்து மங்கிவிடும். கிடைத்த அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் காயத்துக்கு வழக்குப் போட 6 ஆண்டு காலம் உண்டு. ஆள் இறந்து குடும்பம் கேட்கும் வழக்குக்கு, இறந்த நாளிலிருந்து 3 ஆண்டு. மோதியது அரசாங்க வண்டி, நகராண்மைக் கழக லோரி என்றால் 36 மாதம். ஆறு வருடம் இருக்கிறதே என்று உட்காராதீர்கள். சாட்சி வீடு மாறிவிடுவார், சி.சி.டி.வி. பதிவு அழிந்துவிடும்.

தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட வழக்கறிஞரை மாற்றலாம். முறையாக எழுதிக் கொடுத்து, செய்த வேலைக்கு உரியதைக் கட்டிக் கோப்பைத் திரும்பக் கேட்கலாம்.


கேள்வி: செராஸில் சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த கார் என் காரில் தட்டியது. பம்பர் நசுங்கியது, யாருக்கும் காயமில்லை. அவர் 500 வெள்ளி தருகிறேன், போலீசுக்குப் போகவேண்டாம் என்கிறார். வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா? லாயர் வேண்டுமா?
— வாசகர், செராஸ்

பதில்: லாயர் வேண்டாம். ரிப்போர்ட் மட்டும் விடக்கூடாது. சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987, பிரிவு 52, 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்கச் சொல்கிறது. பின்னாலிருந்து மோதினால் கழுத்து வலி அன்றைக்கே தெரியாது. மறுநாள் காலை தலையைத் திருப்பும்போதுதான் தெரியும். அப்போது உங்களிடம் 500 வெள்ளிதான் இருக்கும், ரிப்போர்ட் இருக்காது. அவர் முந்திப்போய், நீங்கள்தான் திடீரென்று பின்னால் நகர்ந்தீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் மோசம்.

வண்டிகளை நகர்த்துமுன் படம் எடுங்கள். இரண்டு பதிவு எண்ணும் ஒரே படத்தில், சாலைக் கோடும் சிக்னலும் தெரியும் ஒரு தூரப் படம், அடிபட்ட இடம் கிட்டத்தில். அவருடைய ஐ.சி. (அடையாள அட்டை), லைசென்ஸ், சாலை வரி, காப்புறுதி நிறுவனத்தின் பெயர். டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ரிப்போர்ட்டில் எந்தத் தடம், எந்தத் திசை, விளக்கு என்ன நிறம், நீங்கள் நின்றிருந்தீர்களா நகர்ந்தீர்களா என்று சொல்லுங்கள். மலாயில் தட்டச்சு செய்து தருவதை முழுக்கப் படித்த பிறகே கையெழுத்து.

காயம் இல்லாதவர் 7 நாளுக்குள் தம் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. மருத்துவமனையில் இருந்தால் 30 நாள். இருவருக்கும் முழுக் காப்புறுதி இருந்து தவறு அவருடையது என்றால், உங்கள் நிறுவனத்திடமே 'நாக் ஃபார் நாக்' முறையில் செலவைப் பெறலாம், இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகக் கிடைக்கும் உங்கள் என்.சி.டி. தள்ளுபடி குறையாது. கூப்பிடாமல் வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர் நீட்டும் வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காப்புறுதி அட்டையில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு, அவர்கள் அனுப்பும் வண்டிக்குக் காத்திருங்கள்.


கேள்வி: தம்பி பட்டர்வொர்த்தில் குடியிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போகிறவன். காலை ஷிப்டுக்குப் போகும்போது பினாங்குப் பாலத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. வேறு வண்டி எதுவும் மோதவில்லை. யாரிடமும் கேட்க முடியாது என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், பிறை

பதில்: உண்மையில்லை. சொக்சோ, அதாவது ஊழியர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு, இருக்கிறது. யார் தவறு என்பதே அதற்குத் தேவையில்லாத கேள்வி. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் வழக்கமான பாதையில் நடக்கும் விபத்து, 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலை விபத்தாகவே கருதப்படும். மதிய உணவு நேரத்தில் சாப்பிடப் போய்வரும் வழிக்கும் இது பொருந்தும். சொந்த வேலைக்காகப் பாதையை விட்டு விலகிப் போயிருந்தால் நிராகரிக்க இடமுண்டு.

முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். படிவம் 34, ஐ.சி. நகல், எம்.சி.க்கள், விபத்து நாளின் வருகைப் பதிவு, போலீஸ் ரிப்போர்ட், வீட்டிலிருந்து தொழிற்சாலை வரை பாதையை வரைந்து விழுந்த இடத்தைக் குறித்த படம், இவை போகவேண்டும். அந்தப் படத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரிப்போர்ட்டில் ஒரு இடம், வரைபடத்தில் வேறு இடம் என்றால் கோப்பு நின்றுவிடும். பாலத்தின் கிலோமீட்டர் கல் எண்ணைப் பார்த்து, இரண்டிலும் அதையே எழுதுங்கள். வருகைப் பதிவும் முக்கியம். எட்டு மணி ஷிப்டுக்குப் பத்து மணிக்கு விழுந்தேன் என்றால் விளக்கம் கேட்பார்கள்.

எம்.சி. குறைந்தது 4 நாள் இருந்தால் தற்காலிக முடக்கத் தொகையாக, கணக்கிடப்படும் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். தோள் முழுதாக மேலே தூக்க வரவில்லை என்றால் நிரந்தர முடக்கத்துக்கு மருத்துவ வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். இதற்கெல்லாம் வழக்கறிஞரும் வேண்டாம், தரகரும் வேண்டாம். முதலாளி இழுத்தடித்தால் தம்பியே ஆவணங்களோடு சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம்.

மற்றவர்களுக்கும் ஒன்று: இன்னொரு வண்டி மோதியிருந்தால் சொக்சோ தனி, அந்த ஓட்டுநர்மேல் போடும் வழக்கு தனி. சொக்சோ வாங்கியதால் வழக்கு போய்விடாது. 31ஆம் பிரிவு தடுப்பது, முதலாளிமேலும் உடன் வேலை செய்கிறவர்மேலும் வழக்குப் போடுவதைத்தான்.


கேள்வி: பேத்திக்கு ஒன்பது வயது. வீட்டு முன்னால் கார் மோதித் தலையில் அடி. காரின் காப்புறுதி நிறுவனம் ஒரு தொகை சொல்லி, இதோடு முடிந்தது என்ற கடிதத்தில் என் மகனின் கையெழுத்து கேட்கிறது.
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: கையெழுத்தை நிறுத்தி வையுங்கள். 18 வயது ஆகாத பிள்ளையின் வழக்கை ஒருவர் பிரதிநிதியாக நின்று நடத்தவேண்டும். சமரசத் தொகையை நீதிமன்றம் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தும். பிள்ளைக்கு வழக்குப் போடும் கெடு 18 வயதுக்குப் பிறகே ஓடத் தொடங்குவதால் அவசரத்துக்குக் காரணமே இல்லை. தலைக்காயத்தின் விளைவு பள்ளியில்தான் மெதுவாகத் தெரியும்: கவனம் சிதறும், எழுத்து மாறும், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். ஆசிரியரிடம் கேட்டுத் தேதியோடு குறித்துவையுங்கள். நரம்பியல் நிபுணரின் அறிக்கை வந்த பிறகு தொகை பேசலாம். இதற்கு வழக்கறிஞர் கட்டாயம்.


கேள்வி: பேரங்காடியில் ஈரத் தரையில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கேட்கலாமா?
— வாசகி, ஜோர்ஜ்டவுன்

பதில்: கேட்கலாம். ஆனால் தரை ஈரமாக இருந்தது, எச்சரிக்கைப் பலகை இல்லை, துடைக்க நேரம் இருந்தும் துடைக்கவில்லை என்று நீங்கள் காட்டவேண்டும். அன்றே நிர்வாகத்தின் சம்பவப் பதிவேட்டில் எழுதவைத்து நகல் வாங்குங்கள். சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கும்படி தேதி, நேரம், கடை எண் போட்டுக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அம்மா போட்டிருந்த செருப்பைக் கழுவாமல் எடுத்துவையுங்கள். அடிப்பாகம் தேய்ந்த செருப்பு என்று எதிர்த்தரப்பு முதலில் சொல்லும்.


கேள்வி: மழை வந்தால் எல்லாரும் மேம்பாலத்தின் கீழே மோட்டாரை நிறுத்துகிறார்கள். பாதுகாப்பா?
— வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: அவசரத் தடத்தில் நிற்பது உயிருக்கு ஆபத்து. ஓட்டுநர் கண்ணாடியில் தண்ணீர் வழிய, பாலத்தின் நிழலுக்குள் நுழையும் அந்த நொடியில் உங்களைப் பார்க்கவே மாட்டார். ஒரு கார் வழுக்கினால் வரிசையாக நிற்கும் அத்தனை பேரும் சிக்குவார்கள். நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்றே கட்டிய ஒதுங்குமிடம் அல்லது எண்ணெய் நிலையம் வரை மெதுவாகப் போங்கள். மேகம் கருக்கும்போதே மழைக்கோட்டைப் போட்டுவிட்டால் நிற்கும் தேவையே வராது. சட்டை, கால்சட்டை என்று இரண்டு துண்டாக உள்ளதை வாங்குங்கள். போர்வைபோல் தொங்குவது சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

மழையின் முதல் பத்து நிமிடம்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெய் அப்போதுதான் மிதக்கும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இணைப்பு இரும்பு ஆகியவற்றின்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், சாயாதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் நான்கு நொடி இடைவெளி விடுங்கள். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தண்ணீரை வெளியேற்றாது. டயரின் பக்கத்தில் நான்கு எண் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

தலைக்கவசத்தில் சிரிம் (தரநிர்ணய நிறுவனம்) முத்திரை இருக்கிறதா பாருங்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டதை, கீறல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். தலைக்கவசம் போடாமல் தலையில் அடிபட்டால், தவறு முழுக்க மற்றவருடையதாக இருந்தாலும் இழப்பீட்டில் ஒரு பங்கைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

வழியில் யாராவது விழுந்து கிடந்தால் 999 கூப்பிடுங்கள். மூச்சு இருக்கும்வரை தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள், உட்காரவைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். ஒருவர் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஐம்பது மீட்டர் பின்னால் ஓரமாக நின்று வரும் வண்டிகளுக்குக் கை காட்டட்டும்.