மச்சான் சொல்லும் லியோன் பங்கும் டிவிக்கு அடியில் இருக்கும் பெட்டியும்

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். சீட்டு எடுத்த 8,000 யூரோ கையில் இருக்கிறது. கால்பந்து ஒளிபரப்பு உரிமை விலை ஏறிக்கொண்டேதான் போகும், லியோன் கிளப் பங்கை இப்போதே வாங்கிப் போடு என்கிறான் மச்சான். எனக்கும் ஆசைதான், நண்பன் கொடுத்த ஐபிடிவி பெட்டியில் (சந்தா கட்டாமலே இணையம் வழியாகச் சேனல் காட்டும் பெட்டி) ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஒரு மேட்ச் விடாத நீங்களே சந்தா கட்டவில்லை, அந்தச் சந்தாவை நம்பி நிற்கிற கிளப்பில் உங்கள் காசைப் போடுவானேன்?

ஒளிபரப்பு உரிமை ஏலத்தில் கேட்ட தொகை வேறு, கைக்கு வரும் காசு வேறு. 2018இல் ஸ்பெயினின் மீடியாப்ரோ நிறுவனம், பிரான்ஸின் முதல் இரண்டு டிவிஷன்களான லீக் 1, லீக் 2 ஆட்டங்களுக்கு வருடம் 80 கோடி யூரோவுக்கு மேல் தருகிறேன் என்றதும் கிளப்புகள் வராத காசை நம்பிச் செலவுக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டன. 2020 ஆகஸ்டில் மீடியாப்ரோவின் டெலிஃபூட் சேனல் வந்தது, மாதம் 25.90 யூரோ. எதிர்பார்த்த சந்தா சேரவில்லை, அக்டோபரில் கட்டவேண்டிய 17 கோடிச் சொச்சம் வரவில்லை, டிசம்பரில் ஒப்பந்தமே முறிந்தது. அடுத்த வருடம் அதே ஆட்டங்களில் பெரும்பகுதியை அமேசான் வருடம் 25 கோடிக்கு அள்ளிக்கொண்டு போனது. கை கடித்ததும் லீக் என்ன செய்தது தெரியுமா? 2022இல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்திடம் 150 கோடி வாங்கிக்கொண்டு வணிக வருமானத்தில் 13 சதவீதத்தை எழுதிக் கொடுத்தது, அதுவும் கெடு இல்லாத குத்தகை மாதிரி!

2024இல் டாசோன் என்ற விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனம் வந்தது, வருடம் 40 கோடி என்று. ஒரே சீசனில் கிளம்பியது. அது சொன்ன புகார்களில் ஒன்று திருட்டு ஒளிபரப்பு, அதாவது உங்கள் டிவிக்கு அடியில் இருக்கும் பெட்டி. 2025 ஆகஸ்டிலிருந்து லீக் தானே சேனல் நடத்துகிறது, தொடங்கியபோது மாதம் 14.99 யூரோ. அந்த விலையில் பத்து லட்சம் பேர் பன்னிரண்டு மாதமும் கட்டினால்கூட 18 கோடிதான், செலவும் வரியும் போகும் முன்.

மச்சான் இங்கிலாந்தைக் காட்டுவார். பிரீமியர் லீக் 2025இலிருந்து நாலு வருடத்துக்கு 670 கோடி பவுண்ட் வாங்கியது உண்மைதான், ஆனால் சீசனுக்கு நேரலை ஆட்டங்கள் 200இலிருந்து 270 ஆயின, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பிரித்தால் விலை இறங்கித்தான் இருக்கிறது.

சரி, லியோன் பங்கு. 2007இல் 24 யூரோவுக்குச் சந்தைக்கு வந்தது. 2022இல் அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் டெக்ஸ்டர் கிளப்பை வாங்கியபோது கொடுத்த விலை பங்குக்கு 3 யூரோ. 2025 ஜூனில் கணக்கு சரியில்லை என்று இரண்டாம் டிவிஷனுக்கே இறக்கிவிட்டார்கள், மேல்முறையீட்டில்தான் தப்பியது.

ஆசை அடங்காவிட்டால் 200 யூரோவுக்கு வாங்குங்கள், டிக்கெட் வாங்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். 6,000 யூரோ லிவ்ரே ஆ என்ற வங்கிச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், வட்டி குறைவு, ஆனால் வரி இல்லை, நினைத்த நேரம் எடுக்கலாம். மிச்சத்தை பி.இ.ஏ. என்ற பங்குச் சேமிப்புக் கணக்கில், உலகின் பெரிய பங்குச் சந்தைகளை மொத்தமாகப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு ஐந்து வருடம் தொடாதீர்கள், அப்போது லாபத்துக்கு வருமான வரி கிடையாது, சமூக வரி மட்டும் பிடிப்பார்கள்.

அப்புறம் ஒன்று. சீட்டு எடுத்தேன் என்கிறீர்களே தவிர இன்னும் எத்தனை மாதம் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பாதியில் எடுத்ததென்றால் அந்த 8,000இல் ஒரு பகுதி கடன்தான், முதலில் அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் மேலே சொன்ன கணக்கு.