நாள் கணக்கில் பார்த்தால் எந்த ப்ராஜெக்ட் மலிவு?

கேள்வி: வலங்கைமானுக்குப் பக்கத்தில் கிராமம். மூன்று ஏக்கர் சொந்த நிலம், இரண்டு மாடு. மனைவி தையல் மெஷின் வைத்திருக்கிறார், மாதம் நாலாயிரம் ஐயாயிரம் வரும். மகள் கும்பகோணத்தில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு. கடைசி செமஸ்டர் முழுக்க ப்ராஜெக்டாம். டிசம்பர் முதல் வாரம் தொடங்க வேண்டும். பெங்களூரில் ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆறு மாதம் செய்ய இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை கிடையாது, நாம்தான் மாதம் ரூ.5,000 லேப் கட்டணம் கட்ட வேண்டும். திருச்சியில் ஒரு ப்ராஜெக்ட் சென்டர் 45 நாளில் முடித்துச் சான்றிதழும் தருவதாகச் சொல்கிறது, ரூ.28,000. பக்கம், செலவும் கம்மி என்று எனக்குத் தோன்றுகிறது. மகள் பெங்களூர்தான் என்று நிற்கிறாள், பிஎச்.டி. பண்ண வேண்டுமாம். அந்த விஞ்ஞானி இவளோடு வீடியோ காலில் அரை மணி நேரம் பேசினார். கையில் ரொக்கம் இல்லை. கல்யாணத்துக்கென்று போட்ட எஃப்.டி. ரூ.1.5 லட்சம் மே மாதம் முதிர்கிறது, அதைத் தொட மனசில்லை. நகையைக் கடையில் வைத்தால் இரண்டு வட்டிக்கு ஒரு லட்சம் கிடைக்கும். சம்பா அறுத்தால் செலவு போக ரூ.50,000 நிற்கும். வீட்டுச் செலவு பாலிலும் குறுவை மிச்சத்திலும் ஓடிவிடும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் திருச்சியை முடித்துவிடுவோம். வேண்டாம்.

நீங்கள் 28,000-ஐயும் ஒரு லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். நான் நாளால் வகுத்துப் பார்த்தேன். வலங்கைமானிலிருந்து திருச்சிக்குத் தினம் போய்வர முடியாது, ஹாஸ்டல் வேண்டும். ஒன்றரை மாதத்துக்குச் சாப்பாட்டோடு ரூ.10,000 என்று வைத்தால் மொத்தம் 38,000. 45 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ரூ.844.

பெங்களூர்க் கணக்கு இது. லேப் கட்டணம் ஆறு மாதத்துக்கு 30,000. பெண்கள் விடுதியில் சாப்பாட்டோடு மாதம் 9,000 என்றால் 54,000. விடுதி அட்வான்ஸ் 10,000. மூன்று முறை ஊருக்கு வந்து போக 3,000. கும்பகோணத்திலேயே ஏறினால் மைசூர் ரயில் நேராகப் பெங்களூர் கொண்டுபோய் விடும். சில கெமிக்கல், கிட் நாமே வாங்கவேண்டி வரலாம், அதற்கு 10,000. ஆய்வேடு டைப்பிங், பிரின்ட், பைண்டிங் 3,000. ஆகமொத்தம் 1,10,000. அதை 180 நாளுக்கு வகுத்தால் ரூ.611. தங்குவது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்தே இவ்வளவுதான்.

அந்த நாளில் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. என் அக்கா மகள் இப்படி ஒரு சென்டருக்குப் போனவள். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஒரு மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள், வேலை செய்வது ஒரே ஆள், மற்றவர்கள் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். கடைசியில் வந்த ஆய்வேட்டில் இவள் பெயர் முகப்பில் இருந்தது. உள்ளே 34-ம் பக்கத்தில் முந்தைய வருஷத்துப் பையன் பெயர் அழிக்கப்படாமல் இருந்தது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "இந்த பிரைமரை (டி.என்.ஏ.வை நகலெடுக்கப் போடும் சிறு துண்டு) எப்படித் தேர்ந்தெடுத்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி. முழித்துக்கொண்டு நின்றாள். கட்டிய பணத்துக்கு ரசீதும் இல்லை. எல்லா சென்டரும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் 45 நாளில் "முடித்துத் தருகிறேன்" என்கிற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. யார் முடிப்பது?

பிஎச்.டி. போகிற பெண்ணுக்கு ஆறு மாத லேப் வேலையில் மூன்று கிடைக்கும். சோதனை தப்பினால் ஏன் தப்பியது என்று கண்டுபிடிக்கும் பழக்கம், அதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு விஞ்ஞானி, நாளைக்கு அவர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம். அரை மணி நேரம் பேசி, கேள்வி கேட்டு எடுத்திருக்கிறார் என்றால் அவருக்கு இவளிடம் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

இதனால் ஜே.ஆர்.எஃப். (பிஎச்.டி. செய்பவர்களுக்கு மாதாமாதம் தரும் உதவித்தொகை) கிடைத்துவிடும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். அதற்கு நெட் தேர்வு எழுத வேண்டும், அது தனிப் படிப்பு. கிடைத்தால் மாதம் ரூ.37,000 (2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை), வீட்டு வாடகைப் படி தனி. கிடைக்காவிட்டாலும் ஆறு மாதம் கையால் வேலை செய்த பெண்ணை ப்ராஜெக்ட் வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். நாள் கணக்கில் மலிவு என்பதால் ஒரு லட்சம் கையில் முளைத்துவிடாது.

கடை அடகு வேண்டாம். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், லட்சத்துக்கு மாதம் 2,000. அடுத்த தை வரை இழுத்தால் வட்டியே 24,000-ஐத் தாண்டும். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. நம் பக்கத்தில் நகை பாதி கழுத்துக்கு, பாதி வயலுக்கு. மேட்டூர் திறந்தால் நகை உள்ளே போகும், தையில் நெல் போட்டதும் வெளியே வரும். ஜூனில் நாற்றுவிட, உழவு ஓட்ட, உரம் வாங்க உங்களுக்கு உடனே பணம் தரக்கூடியது அந்த நகைதான். அதை இப்போதே கடைக்காரர் பெட்டியில் பூட்டிவிட்டால் குறுவைக்கு எதை வைப்பீர்கள்?

கூட்டுறவு சொசைட்டிப் பயிர்க்கடனிலும் கை வைக்காதீர்கள். கெடுவுக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் அதற்கு வட்டி இல்லை. வட்டியில்லாத கடனைத் தவணை தவறவிட்டு வட்டிக்கடனாக ஆக்கிக்கொள்வதைப் போல நஷ்டம் வேறில்லை. நெல் பணம் வந்ததும் முதல் வேலை சொசைட்டியில் அடைப்பது.

மிச்சம் இருப்பது நீங்கள் தொட மாட்டேன் என்கிற எஃப்.டி. அதை உடைக்கச் சொல்லவில்லை. அதன் மேல் ஓவர்டிராஃப்ட் கேளுங்கள், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்து வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும் கடன். எஃப்.டி. ரசீதோடு கிளைக்குப் போனால் போதும், பொதுவாக 90 சதவீதம் வரை தருவார்கள். எஃப்.டி.க்கு அவர்கள் தரும் வட்டியைவிட ஒன்று, மிஞ்சினால் இரண்டு சதவீதம் கூடுதலாக வாங்குவார்கள். உங்கள் எஃப்.டி. பாட்டுக்கு வட்டி சேர்த்துக்கொண்டிருக்கும். முக்கியமாக, எடுத்த பணத்துக்கு எடுத்த நாளிலிருந்துதான் வட்டி. மொத்தமாக ஒரு லட்சத்தை எடுத்து வீட்டில் வைக்காதீர்கள். டிசம்பரில் அட்வான்ஸ், முதல் மாத விடுதி, லேப் கட்டணம் என்று 25,000 எடுங்கள். பிறகு மாதாமாதம் 14,000. தையல் வருமானத்தில் மாதம் 4,000 அதிலேயே திருப்பிப் போடுங்கள்.

டெல்டாக் குடும்பத்துக்கு இதில் உள்ள சிக்கலே மாதம்தான். பிள்ளைக்குப் பணம் வேண்டியது கார்த்திகையில், நெல் பணம் வருவது மாசியில். இந்த மூன்று மாத இடைவெளியை மாதம் இரண்டு வட்டியால் அடைப்பதா, வருஷத்துக்கு எட்டு சதவீதத்தால் அடைப்பதா என்பதுதான் உங்கள் கேள்வியின் நடு.

மூன்று ஏக்கரில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை முப்பது கண்டால் 54 குவிண்டால். 2025-26 பருவத்துக்குச் சாதா ரகத்துக்கு அரசு விலை ரூ.2,500. கொள்முதல் நிலையத்தில் 1,35,000 வரும். சொசைட்டிக் கடன், அறுவடை மெஷின் வாடகை எல்லாம் கழித்தால் நீங்கள் சொன்ன 50,000 சரியாகத்தான் நிற்கிறது. அதில் 40,000-ஐ ஓவர்டிராஃப்டில் போடுங்கள், பத்தாயிரம் வீட்டில் இருக்கட்டும்.

ஆறு மாதம் முடியும்போது: 1,10,000-இல் நெல் 40,000, தையல் 24,000 போக 46,000 பாக்கி. வட்டி நான் போட்டுப் பார்த்தவரை மூவாயிரத்துக்குள். மே மாதம் எஃப்.டி. முதிரும்போது இதைக் கழித்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கு மேல் உங்கள் கைக்கு வரும். கல்யாணப் பணத்தில் ஐம்பதாயிரம் குறைகிறதே என்பீர்கள். குறைகிறதுதான். அந்தப் பணத்தைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், நான் சொன்னால் நன்றாக இருக்காது.

மழை கெடுத்துவிட்டால்? நெல்லே வராவிட்டாலும் எஃப்.டி.யில் அறுபதாயிரம் மிஞ்சும், நகை பத்திரமாக இருக்கும். ஆனால் பயிர்க் காப்பீடு கட்டிவிட்டீர்களா? சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில் கெடு முடியும். அந்த இழப்பீட்டை மகள் செலவுக்கு நம்பாதீர்கள், அது வருகிறபோது வரும்.

பெங்களூர் ஏதாவது காரணத்தால் தட்டிப்போனால் திருச்சி சென்டருக்கு ஓடவேண்டாம். கும்பகோணத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆடுதுறை இருக்கிறது. 1922-லிருந்து இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நனைந்த நெல்லை என்ன செய்வது என்ற நம் ஊர்க் கேள்வியிலிருந்து நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது. திருச்சியில் வாழைக்கான தேசிய ஆராய்ச்சி மையம். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம். நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம். நெல், வாழை, மீன், உணவு எதை எடுத்தாலும் அதில் நுண்ணுயிர் இருக்கும், மைக்ரோபயாலஜி படித்த பெண்ணுக்கு வேலையும் இருக்கும். இங்கேயும் வெளி மாணவர்களுக்குக் கட்டணம் இருக்கலாம். ஆனால் ஆடுதுறைக்கோ தஞ்சாவூருக்கோ என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம், 54,000 மிச்சம். உண்மையில் இதையெல்லாம் போன வருஷமே தேடியிருக்க வேண்டும். முதலாண்டு எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்: அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில் இரண்டு மாதம் உதவித்தொகையோடு லேபில் வேலை செய்யலாம்.

மகள் உடனே செய்யவேண்டிய ஒன்று: கல்லூரி கைடிடம், தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் உதவிக்கு இந்த ஆண்டு விண்ணப்பித்தார்களா என்று கேட்கட்டும். பெரிய தொகை இல்லை, சில ஆயிரம்தான். கெமிக்கல் செலவுக்கு உதவும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் முதுகலைக்குக் கிடையாது, அதற்காக அலையவேண்டாம்.

ரயில் ஏறும் முன் இரண்டு காகிதம் கையில் இருக்கட்டும். நிறுவனத்தின் அனுமதிக் கடிதம், அதில் விஞ்ஞானியின் பெயர், ஆறு மாதத் தேதி, கட்டணம் எழுத்தில். கல்லூரியின் ஆட்சேபணையின்மைச் சான்று. லேப் கட்டணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போகட்டும், யாருடைய ஜிபே நம்பருக்கும் வேண்டாம். விடுதியில் அட்வான்ஸ் கொடுக்கும்போது, காலி செய்கிற நாளில் பெயின்ட் அடிக்க என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். சில விடுதிகளில் ஒரு மாத வாடகையே போய்விடுகிறது.