எக்ஸ் வடிவ றேடியோ கலக்சிக்கு நாலு கை எப்படி வருகுது?

றேடியோ கலக்சி என்பது றேடியோ அலைகளைப் பலமாக வீசும் விண்மீன் கூட்டம். அதன் நடுவிலுள்ள கருந்துளைப் பக்கமிருந்து எதிரெதிர்த் திசைகளில் பாயும் பிளாஸ்மா (மின்னேற்றமுள்ள வாயு) ஓட்டங்கள்தான் தாரைகள். ஒரு கருந்துளைக்கு இரண்டு தாரைதானே, பிறகேன் நாலு கை என்பது தம்பியின்ர கேள்வி.

கருந்துளைகள் இரண்டு ஒன்றிணைந்து சுழலச்சும் அதன் வழியே பாயும் தாரைகளும் வேறு திசைக்குத் திரும்பியிருக்கலாம். மங்கலான சோடிக் கைகள் பழைய தாரையின் மிச்சம். அப்படியென்றால் அதில் உயர் மீடிறன் (அதிர்வெண்) அலைகள்தான் முதலில் தேயவேண்டும்; சக்தி கூடிய இலத்திரன்கள் விரைவாக ஓய்ந்துவிடும்.

பிகேஎஸ் 2014-55 என்ற எக்ஸ் வடிவக் கலக்சியில் கதை வேறு. தென்னாபிரிக்காவின் மீர்கட் றேடியோ தொலைநோக்கி (64 தட்டுகள்) எடுத்து 2020 இல் வெளியான படத்தில், வெளியே போன பிளாஸ்மா திரும்பி உள்ளே பாய்கிறது. நடுவிலுள்ள கலக்சியின் அடர்ந்த வாயுவில் முட்டிப் பக்கவாட்டில் விலகுகிறது. விளைவு, இரட்டைப் பூமராங். இந்தக் கலக்சிக்கு இதுதான் சரியான விளக்கம். எல்லா எக்ஸுக்கும் இதையே ஒட்டக்கூடாது.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் இரவு 11 மணியளவில், யாழ்ப்பாணத்தில் தெற்கு அடிவானுக்கு மேலே சுமார் 25 பாகையில் அது நிற்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது.