காரின் கண்ணாடியில் ஒரு வீட்டுச் சாவி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சென்னையிலிருந்து நியூ ஜெர்சி வந்து நான்கு மாதம், எடிசனில் கராஜோடு ஒரு டவுன்ஹவுஸ் வாடகைக்கு, யாரோ ஐந்தாறு வருடம் ஓட்டிய ஹோண்டா, அதன் உள்கண்ணாடியில் வீடு படம் போட்டு மூன்று பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் கராஜ் திறக்கிறது. ஆபீஸில் ஒருவர் "அதையெல்லாம் ஈஸியா ஹேக் பண்ணிடுவான்" என்று பயமுறுத்திவிட்டார், அடுத்த மாதம் மனைவியும் குழந்தையும் வருகிறார்கள், அதைப் பயன்படுத்தலாமா வேண்டாமா. இவ்வளவுதானே?

தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஹேக்கரை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கவலைப்பட வேறு விஷயம் இருக்கிறது, அதை உங்கள் நண்பர் சொல்லவில்லை. ஊரில் கிளம்பும்போது பூட்டைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்போமே, என் அப்பா திருச்சியில் மூன்று தடவை இழுப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுப்பார். இங்கே இழுத்துப் பார்க்கப் பூட்டே இல்லை. ஒரு சுவர் அகலத்துக்குக் கதவு, அதன் சாவி காரின் கண்ணாடிக்குள், அந்தக் காரோ ராத்திரி முழுக்க வெளியே டிரைவ்வேயில். ஏனென்றால் கராஜுக்குள் காஸ்ட்கோ அட்டைப்பெட்டிகளும் சூட்கேஸ்களும் இருக்கின்றன, காருக்கு ஏது இடம்? உங்கள் வீட்டிலும் ஆறு மாதத்தில் அப்படித்தான் ஆகும், பாருங்கள்.

அந்தப் பொத்தான்களுக்குப் பெயர் ஹோம்லிங்க். கராஜ் ரிமோட்டின் வேலையைக் காருக்குள்ளிருந்தே செய்யும்படி ஒரு தடவை பதிந்துவைப்பது. கார் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். கார்க் கண்ணாடி செய்கிற ஜென்டெக்ஸ் என்ற கம்பெனி 2013-இல் இதை ஜான்சன் கன்ட்ரோல்ஸிடமிருந்து வாங்கியது. வெயில் கூசாமல் கண்ணுக்கு மேலே மடக்கி இறக்குகிற வைசரில் கிளிப் போட்டுத் தொங்குகிற ரிமோட்டைவிட இது ஒரு விதத்தில் மேல்: கார்க் கதவின் கண்ணாடியை உடைத்து அந்த ரிமோட்டை எடுத்துக்கொண்டு ஓடலாம், இதை அப்படி எடுக்க முடியாது. ஆனால் அதே காரணத்தால் நீங்களும் இதை ராத்திரி கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது.

அதனால் இன்று சாயங்காலம் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியை அணைத்து, இறங்கி, கார்ச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து காரில் உட்கார்ந்து அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சில கார்களில் வண்டி ஆன் ஆகியிருந்தால்தான் வேலை செய்யும், சில கார்களில் எப்போதும் வேலை செய்யும். கராஜ் திறந்துவிட்டது என்றால் அர்த்தம் எளிது. உங்கள் காரின் கதவுப் பூட்டுதான் உங்கள் வீட்டின் பூட்டு. அதை ஒரு ராத்திரிகூடப் பூட்டாமல் விடக்கூடாது, ஓர் உதைப்பந்தை எடுக்க ஓடி வந்த நிமிடத்தில்கூட.

எங்கள் தெருவில் மூன்று வருடத்துக்கு முன் இப்படித்தான் நடந்தது. இங்கே ராத்திரியில் வரிசையாகக் கார்களின் கைப்பிடியை இழுத்துப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு, பூட்டியிருந்தால் அடுத்த கார், திறந்திருந்தால் சில்லறை, கூலிங் கிளாஸ், கைக்குக் கிடைப்பது. எதிர்வீட்டுக்காரர் பூட்ட மறந்திருந்தார். வந்தவன் பொத்தானை அழுத்தினான், கராஜ் திறந்தது, இரண்டு சைக்கிளும் ஒரு டிரில் மெஷினும் போயின. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நல்லவேளை, கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.

டிரைவ்வேயில் நிற்கும்போதாவது வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். நியூயார்க் போக மெட்ரோபார்க் ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறினால், அந்தக் கார் நாள் முழுக்க அங்கே தனியாக நிற்கிறது. உள்ளே என்ன இருக்கிறது? குளோவ் பாக்ஸில் ரெஜிஸ்ட்ரேஷன், அதில் உங்கள் வீட்டு முகவரி. நேவிகேஷனில் "ஹோம்" என்று ஒரு பொத்தான். கண்ணாடியில் கராஜ் சாவி. வீட்டுக்காரன் சாயங்காலம்தான் வருவான் என்பதற்கு அந்த பார்க்கிங்கே சாட்சி. காரைத் திறந்தவனுக்கு முகவரியும் சாவியும் ஒரே பையில் கொடுத்த மாதிரி. நியூ ஜெர்சியில் வண்டி ஓட்டும்போது ரெஜிஸ்ட்ரேஷனும் இன்ஷூரன்ஸ் கார்டும் கையோடு இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் குளோவ் பாக்ஸில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. நான் பர்ஸில் வைத்துக்கொள்கிறேன். நேவிகேஷனில் "ஹோம்" என்று என் வீட்டைப் போடவில்லை, பக்கத்துத் தெருவில் இருக்கும் பெட்ரோல் பங்கைப் போட்டிருக்கிறேன். மனைவி இதைச் சொல்லி இன்றும் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

சரி, ஹேக்கருக்கு வருவோம், உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. கராஜ் கதவைத் தூக்கி இறக்கும் மோட்டார் பழையதாக இருந்தால் அதன் ரிமோட்டுக்குள் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று குட்டி சுவிட்சுகள் இருக்கும், மேலே கீழே தள்ளி ஓர் எண்ணை வைத்தால் அதே எண்தான் காலம் முழுக்க. பன்னிரண்டு சுவிட்ச் என்றாலும் மொத்தமே 4096 எண்கள். 2015-இல் சாமி காம்கர் என்ற ஆராய்ச்சியாளர், மேட்டல் கம்பெனி விற்பதை நிறுத்திவிட்ட குழந்தைகளின் மெசேஜ் அனுப்பும் பொம்மை ஒன்றை மாற்றியமைத்து, அந்த எண்கள் அத்தனையையும் பத்து வினாடிக்குள் அனுப்பிக் கதவைத் திறந்து காட்டினார். ஆகவே அந்த வகை மோட்டார் உங்கள் வீட்டில் இருந்தால் பூட்டு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கதவுக்கு இருபுறமும் தரையிலிருந்து அரை அடி உயரத்துக்குள் குட்டிக் கண் மாதிரி சென்சார் இருக்கிறதா பாருங்கள், நடுவில் குழந்தை வந்தால் கதவு இறங்காமல் திரும்பிப் போவதற்கு. 1993-இலிருந்து அமெரிக்காவில் செய்யும் வீட்டு மோட்டார்களில் அது, அல்லது அதே வேலையைச் செய்யும் வேறு ஏற்பாடு, கட்டாயம். அப்படி எதுவும் இல்லையென்றால் மோட்டார் அதற்கும் முந்தையது, வீட்டுக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், குழந்தை வருகிற வீடு என்று சொல்லியே கேளுங்கள், திருட்டைவிட அதுதான் பெரிய காரணம். சென்சார் இருந்தால் மட்டும் நிம்மதி என்றும் சொல்ல மாட்டேன், ரிமோட்டைத் திறந்து உள்ளே சுவிட்ச் வரிசை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

90-களின் நடுவிலிருந்து வந்த மோட்டார்களில் ரோலிங் கோட். பேங்க் ஓடிபி மாதிரி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு புது எண், ஒரு தடவை திறந்த எண் மறுபடி செல்லாது. இதையும் அதே காம்கர் அதே 2015-இல், முப்பது டாலர் சொச்சத்துக்குச் செய்த ஒரு கருவியால் ஏமாற்றிக் காட்டினார். நீங்கள் அழுத்தும்போது ரேடியோ அலையை மறித்து அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும், கதவு திறக்கவில்லையே என்று நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள், இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு முதலாவதை அனுப்பித் திறந்துவிடும், கையில் ஓர் எண் மிச்சம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கருவி உங்கள் வீட்டருகே இருந்தாக வேண்டும், நீங்கள் அடுத்த தடவை ஒழுங்காகக் கதவைத் திறந்ததும் அவன் பிடித்த எண் செல்லாக்காசு. எடிசனில் இரண்டு சைக்கிளுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறவன் யார்? பூட்டாத காரைத் தேடுவது அவனுக்குச் சுலபம்.

இப்போது உங்கள் வீட்டில் உண்மையிலேயே இருக்கும் ஓட்டை. அது வாடகை வீடு. உங்களுக்கு முன் எத்தனை பேர் குடியிருந்தார்கள்? ஒவ்வொருவரும் தங்கள் காரில் இதே கராஜைப் பதிந்திருப்பார்கள். போகும்போது வாசல் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், காரின் கண்ணாடியில் இருந்த சாவியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கார்களில் ஒன்றிரண்டு இன்று யாரிடம் இருக்கிறதோ. ரோலிங் கோட் இதற்கு எதுவும் செய்யாது, ஏனென்றால் அந்தக் கார்கள் மோட்டாருக்கு முறைப்படி அறிமுகமானவை.

தீர்வு இரண்டு நிமிட வேலை. மோட்டாரின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ லேர்ன் என்று ஒரு பொத்தான் இருக்கும், சேம்பர்லின், லிஃப்ட்மாஸ்டர் வகைகளில் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு, பச்சை என்று ஏதாவது ஒரு நிறத்தில். அதை ஆறு வினாடி போல, பக்கத்து விளக்கு அணையும்வரை அழுத்திப் பிடித்தால் மோட்டார் தனக்குத் தெரிந்த அத்தனை ரிமோட்டையும் மறந்துவிடும். மற்ற கம்பெனிகளில் முறை கொஞ்சம் மாறும், மோட்டாரின் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கையேடு கிடைக்கும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவர் ரிமோட்டும் போய்விடும். அப்புறம் உங்களுடையதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோலிங் கோட் மோட்டாரில் காரின் ஹோம்லிங்கைச் சேர்க்கவும் இதே லேர்ன் பொத்தானைத் தொட்டாக வேண்டும், அதாவது கராஜுக்குள் நின்றிருந்தால்தான் முடியும். அந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும்.

காரின் பக்கமும் துடைக்க வேண்டும், உங்களுடையதைச் சேர்ப்பதற்கு முன்பே. ஓரத்தில் இருக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து, விளக்கு வேகமாக மினுக்கும்வரை பிடியுங்கள், பத்திலிருந்து இருபது வினாடி ஆகும், மூன்றும் காலியாகிவிடும். பழைய கார் வாங்கியவர் என்ற முறையில் இது உங்கள் பாதுகாப்புக்கு அல்ல, முந்தைய சொந்தக்காரரின் வீட்டுக்கு. உங்கள் காருக்குள் இப்போதும் யாரோ ஒருவரின் கராஜ் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதே மாதிரி நாளை இந்தக் காரை விற்கும்போதோ லீஸ் முடிந்து கொடுக்கும்போதோ இதையும் நேவிகேஷனையும் துடைக்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

நான் கொடுத்தேன். 2014 பிப்ரவரி, பழைய கேம்ரியை ஒரு கார் கடையில் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்து வந்தேன். இரண்டு நாள் கழித்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் உறைத்தது, ஹோம்லிங்கை அழிக்கவில்லை, பழைய இன்ஷூரன்ஸ் கார்டும் முகவரியோடு குளோவ் பாக்ஸிலேயே இருக்கிறது. செருப்பு மாட்டிக்கொண்டு கராஜுக்கு இறங்கி, ஏணி போட்டு ஏறி, லேர்ன் பொத்தானைப் பிடித்து எல்லாவற்றையும் அழித்தேன். என் புதுக் காரை மட்டும் சேர்த்துவிட்டு, பெரிய காரியம் சாதித்த மாதிரி படுத்துத் தூங்கிவிட்டேன். மனைவிக்கு அன்று ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட். விடிகாலை ஆறரைக்குப் பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது வந்து பொத்தானை அழுத்தினாள், திறக்கவில்லை. இறங்கி, கதவு ஓரத்தில் இருக்கும் எண் பலகையில் எண்ணைப் போட்டாள், திறக்கவில்லை, ஏனென்றால் லேர்ன் பொத்தான் அதையும் அழித்துவிட்டிருந்தது. வாசல் கதவுச் சாவி அவளிடம் இல்லை. இங்கே எல்லோருக்கும் கராஜ்தான் வாசல், முன்கதவு அமேசான் பெட்டி வைக்கிறவருக்கு. என் போன் சைலண்ட்டில். இருபது நிமிடம். அதற்கப்புறம் நடந்ததை எழுத வேண்டாம்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவுக்கு டெட்போல்ட் என்கிற கனமான தாழ்ப்பூட்டு போட்டு ராத்திரி பூட்டுங்கள், பலர் அதை உள்கதவு மாதிரி திறந்தே விடுகிறார்கள். ஊருக்குப் போகும்போது, சுவரில் இருக்கும் கராஜ் பேனலில் லாக் பொத்தான் இருந்தால் அதைப் போடுங்கள், எந்த ரிமோட்டும் வேலை செய்யாது. திரும்பி நியூவார்க் ஏர்போர்ட்டில் இறங்கி வரும்போது உங்களுடையதும் வேலை செய்யாது என்பதை நினைவில் வைத்து வாசல் சாவியைக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள், அது துபாயிலேயே நின்றுவிட்டால் நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிறு அவசரத்துக்குக் கதவை விடுவிப்பது, கதவின் மேல் இடுக்கு வழியாகக் கம்பி விட்டு அதை இழுக்கும் திருடர்கள் உண்டு. கதவு மேலே இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்தக் கயிற்றை மட்டும் கழற்றி எறியாதீர்கள், கரண்ட் போனால், தீப்பிடித்தால் அதுதான் வழி. லொகேஷன் பார்த்துத் தானே திறக்கும் டெஸ்லா யாராவது வைத்திருந்தால், வீட்டைத் தாண்டிக் கடைக்குப் போகும்போதும் கதவு திறந்துகொள்ளலாம் என்று சொல்லிவையுங்கள்.

இதையெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்குச் செய்யாதீர்கள். சனிக்கிழமை காலை, கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசல் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். மனைவி வந்ததும் அவருக்கும் ஒரு வாசல் சாவி வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.