காலேஜ் ஃபுட்பால் அணிக்குக் கோச் எடுக்கும்போது அவருடைய ஸ்கீமைப் பார்த்து எடுக்கலாமா?

கேள்வி அமெரிக்க ஃபுட்பால் பற்றியது. பழைய கோச்சை அனுப்பிவிட்டு, "நவீனமான அஃபென்ஸ் (பந்தோடு முன்னேறும் ஆட்டம்) கொண்டுவருகிறேன்" என்று சொல்கிறவரை எடுப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்கீமை, அதாவது அவருடைய ஆட்டமுறையை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது புதுசா, பழசா என்று பார்த்துப் பிரயோஜனம் இல்லை. நம் காலேஜுக்கு எப்படிப்பட்ட பையன்கள் வருவார்கள், இப்போது இருக்கிற பையன்களை வைத்து அதை ஆட முடியுமா, அதைச் சொல்லிக்கொடுக்கப் போவது யார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். நான் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்கில் படித்தவன், இன்றுவரை அந்த அணியின் ஆட்டங்களை விடாமல் பார்ப்பவன். அதனால் அந்த உதாரணத்தையே சொல்கிறேன்.

2007 டிசம்பரில் நேவி (கடற்படை அகாடமி) அணியிலிருந்து பால் ஜான்சனைக் கோச்சாகக் கொண்டுவந்தார்கள். அவர் ஆடவைத்தது டிரிபிள் ஆப்ஷன். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் நேர் பின்னால் இருக்கும் பி-பேக் என்ற ஓட்டக்காரனின் வயிற்றில் வைப்பான், ஆனால் கையை எடுக்க மாட்டான். கண் முழுக்க எதிரணி டிஃபென்ஸ் (தடுப்பு) வரிசையின் ஓரத்து ஆள் மேல் இருக்கும். அந்த ஆளை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். அவன் பி-பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். பாயாமல் நின்றால் பந்தை பி-பேக்கிடமே விட்டுவிட வேண்டும். உருவிக்கொண்டு ஓடினால் எதிரே இன்னொருவன் நிற்பான், அவனையும் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவன் குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்தால், பக்கத்தில் ஓடிவரும் ஏ-பேக் என்ற இன்னொரு ஓட்டக்காரனிடம் பந்தைத் தட்டிவிட வேண்டும். எல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள். எதிரணியில் இரண்டு பேரைத் தடுக்காமலே சமாளித்துவிடுவதால், உடல் வலுவில் பின்தங்கிய அணியும் ஆள் கணக்கில் முந்திவிடும்.

ஜார்ஜியா டெக் மாதிரி இடத்துக்கு இது ஏன் பொருந்தியது? அங்கே எந்தப் பாடம் எடுத்தாலும் கணக்கிலிருந்து தப்ப முடியாது. மாநிலத்தின் முதல்தரப் பையன்கள் பெரும்பாலும் ஏதென்ஸில் இருக்கும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கோ வெளிமாநிலத்துக்கோ போய்விடுவார்கள். எடை குறைவான, ஆனால் வேகமான லைன்மேன்களை (முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுப்பவர்களை) மற்றவர்கள் சீந்த மாட்டார்கள். ஜான்சனுக்கு அவர்கள் போதும். எதிரணிகளோ இந்த ஆட்டத்தை வருஷத்தில் ஒருமுறைதான் பார்க்கும், தயாராக ஒரு வாரம்தான் கிடைக்கும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2008-இல் அவர் கையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் முந்தைய கோச் சான் கெய்லி வேறு மாதிரி ஆட்டத்துக்காகச் சேர்த்தவர்கள். டிமேரியஸ் தாமஸ், ஜோனதன் ட்வையர் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். அவர்களை வைத்தே முதல் வருஷம் 9 வெற்றி. அந்த நவம்பரில் ஏதென்ஸுக்கே போய் ஜார்ஜியாவை 45-42 என்று ஜெயித்தார்கள். 2014 சீசனில் 11 வெற்றி, சீசன் முடிவில் நடக்கும் ஆரஞ்சு பௌல் போட்டியில் மிசிசிப்பி ஸ்டேட்டை 49-34 என்று வென்றது வேறு.

2018 சீசனோடு ஜான்சன் ஓய்வு பெற்றார். "இது பழைய காலத்து ஆட்டம், நல்ல ரிசீவர்கள் (பாஸ் பிடிப்பவர்கள்) வர மாட்டார்கள்" என்ற பேச்சு அதற்கு முன்பே பலமாகிவிட்டது. டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்து ஜெஃப் காலின்ஸ் கோச்சாக வந்தார். அவர் டிஃபென்ஸ் பக்கத்து ஆள். புது அஃபென்ஸை நடத்த ஒரு கோஆர்டினேட்டரைக் கூடவே அழைத்து வந்தார். ஜான்சனின் ஆட்டத்தில் டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவன்) என்ற இடமே கிடையாது, ஆகவே அணியில் அதற்கென்று சேர்த்த ஆள் இல்லை. பாய்ந்து முட்டிப் பழகிய லைன்மேன்கள் இப்போது பின்வாங்கி நின்று பாஸுக்குக் காவல் இருக்க வேண்டியிருந்தது. 2019 செப்டம்பரில் கீழ்டிவிஷன் அணியான சிட்டடெல் வந்து ஓவர்டைமில் 27-24 என்று அடித்துவிட்டுப் போனது. சிட்டடெல் அன்று ஆடியது டிரிபிள் ஆப்ஷன். அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. 2019, 2020, 2021 மூன்று வருஷமும் தலா 3 வெற்றிதான். 2022 செப்டம்பரில் காலின்ஸை நீக்கினார்கள்.

இரண்டு பேருமே ஸ்கீமை மாற்றினார்கள், ஒருவருக்குப் பலித்தது, இன்னொருவருக்குப் பலிக்கவில்லை. எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். ஜான்சன் தன் ஆட்டத்தை ஜார்ஜியா சதர்ன் காலத்திலிருந்தே தானே வளர்த்தவர், ஒவ்வொரு ஆட்டத்திலும் பிளேக்களை (ஒவ்வொரு நகர்வுக்குமான திட்டங்களை) தானே சொல்பவர். எந்த இடத்தில் யார் தவறினாலும் அவருக்கே தெரியும். அப்புறம், மாற்றத்தின் திசை. பந்து பிடிக்க வந்த ஒரு நல்ல விளையாட்டு வீரனுக்குத் தடுக்கச் சொல்லிக்கொடுக்கலாம். எடை குறைந்த லைன்மேனை ஒரே கோடையில் பெருக்கவைக்க முடியாது.

நெப்ராஸ்காவிலும் இதுதான் நடந்தது. 2003-இல் 9 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த ஃப்ராங்க் சோலிச்சை அனுப்பிவிட்டு, ஆப்ஷனைக் கைவிட்டு, பில் கேலஹனின் பாஸை நம்பிய வெஸ்ட் கோஸ்ட் அஃபென்ஸைக் கொண்டுவந்தார்கள். 2004-இல் 5-6 (5 வெற்றி, 6 தோல்வி), 1961-க்குப் பிறகு முதல்முறையாகத் தோல்விகள் அதிகமான சீசன். மிச்சிகனிலும் ஆட்டமுறையை மாற்றிய ரிச் ரோட்ரிகஸின் முதல் வருஷமான 2008-இல் 3-9.

இப்போது வீரர்கள் காலேஜ் மாறப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்துவிட்டதே, ஆட்களையே மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். உண்மைதான். 2024-இல் கோச் கர்ட் சிக்னெட்டி, தான் முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு டஜனுக்கு மேல் ஆட்களை இண்டியானாவுக்கு அழைத்து வந்து, முந்தைய வருஷம் 3-9 ஆக இருந்த அணியை 11-2 ஆக்கினார். ஆனால் அவர் கொண்டுவந்தவர்கள் அவரிடமே பழகியவர்கள். அந்த வசதி எல்லா கோச்சுக்கும் கிடைக்காது. இடம் காலி செய்துகொடுத்த பழைய பையன்கள் என்ன ஆனார்கள் என்பதையும் யாராவது கேட்க வேண்டும். படிப்புக்காகவே அந்தக் காலேஜுக்கு வந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள்.

ஜார்ஜியா டெக்கில் பிறகு வந்த பிரெண்ட் கீ, அங்கேயே லைனில் ஆடியவர். டிரிபிள் ஆப்ஷனுக்குத் திரும்பவில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம்-இலிருந்து வந்த ஹேய்ன்ஸ் கிங் நன்றாக ஓடக்கூடியவர் என்பதால், அவரது கால்களை நம்பிய ஓட்டத்தை அஃபென்ஸின் நடுவில் வைத்தார். 2023-இலும் 2024-இலும் தலா 7 வெற்றி. 2024 நவம்பரில் ஏதென்ஸில் ஜார்ஜியாவிடம் எட்டு ஓவர்டைம் போய்த்தான் 44-42 என்று தோற்றார்கள்.

நேர்காணல் நடத்துகிற இடத்தில் நான் இருந்தால் அணியில் இப்போது இருப்பவர்களின் பட்டியலைக் கோச்சிடம் நீட்டி, "செப்டம்பர் முதல் ஆட்டத்தில் இவர்களை வைத்து எந்தப் பத்து பிளேக்களை ஆடுவீர்கள்?" என்று கேட்பேன். போர்டில் வரைந்து காட்டச் சொல்வேன். கோஆர்டினேட்டர் வந்ததும் சொல்கிறேன் என்றால் அடுத்தவரைக் கூப்பிடுவேன்.