ஏஐ படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

வணக்கம் அம்மா. மகளை ஏஐ (செயற்கை நுண்ணறிவு) பட்டப்படிப்பில் சேர்க்க வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் உங்கள் மகள் பிழைத்துக்கொள்வாள், பதற வேண்டாம். ஆனால் வீட்டை அடகு வைத்து ஏஐ பட்டப்படிப்பில் சேர்ப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். அந்தப் படிப்பைக் கேட்பது பெரியப்பாவும் சித்தப்பாவும்தான், அவள் கேட்கவில்லை. மாதத் தவணையில் அவர்கள் பங்கு போடப் போவதும் இல்லை.

படுத்துவிட்ட கணினியின் டிஸ்கைக் கழற்றி, இரண்டு நாள் உட்கார்ந்து குடும்பப் படங்களை அவள் மீட்டதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் பிடித்துக்கொள்வது அதைத்தான். ஸ்டோரேஜ், பேக்கப் நிர்வாகம் என்று ஒரு துறை இருக்கிறது, அதாவது தரவைச் சேமித்து, நகல் வைத்து, போனால் மீட்கும் வேலை. மருத்துவமனை, வங்கி, கல்லூரி என சர்வர் ஓடும் இடத்திலெல்லாம் அந்த வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். மற்ற வழிகளைச் சொல்ல உறவில் நிறையப் பேர் இருப்பார்கள். இதைச் சொல்ல ஆள் குறைவு.

அவளுக்கு ஒத்துவருமா என்பதைச் செலவில்லாமல் பார்க்கலாம். வீட்டுக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றட்டும், இரண்டும் இலவசம். அதில் 20 ஜிபிக்கு இன்னொரு மெய்நிகர் டிஸ்க் சேர்த்து, எல்விஎம்மில் (டிஸ்க் இடத்தைப் பங்கிடும் லினக்ஸ் வசதி) வால்யூம் குரூப் (மொத்த இடத்தொகுப்பு) ஆக்கி, 10 ஜிபிக்கு மட்டும் ஒரு வால்யூம் (அதிலிருந்து பிரித்த பங்கு) உருவாக்க வேண்டும். மொத்த இடத்தையும் கொடுத்துவிட்டால் ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது அந்த நொடியில் வால்யூம் இருந்த நிலையைப் பிடித்துவைப்பதற்கு, இடமிருக்காது. பிறகு 1 ஜிபி அளவில் ஸ்னாப்ஷாட். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், ஏனென்றால் அப்போது எதுவும் நகலாவதில்லை. மூல வால்யூமில் ஒரு பிளாக் (டிஸ்கின் சிறு துண்டு) மாறும்போதுதான் அதன் பழைய உள்ளடக்கம் ஸ்னாப்ஷாட்டுக்குப் போகிறது.

இனி மூலத்தில் 2 ஜிபிக்கு ஒரு கோப்பை எழுதட்டும். வால்யூம்களின் நிலையைக் காட்டும் 'எல்விஎஸ்' கட்டளையை ஓட்ட ஓட்ட, ஸ்னாப்ஷாட் நிரம்பிய சதவீதம் ஏறும். 100-ஐத் தொட்டதும் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். அதை மீட்க வழியில்லை. காலி இடத்தில்தானே எழுதினேன் என்று அவளுக்குக் கோபம் வரும். எல்விஎம்முக்குக் கோப்பு எது, காலியிடம் எது என்று தெரியாது, பிளாக் மட்டுமே தெரியும். இதை அவளே தோண்டிக் கண்டுபிடித்தால் இந்த வேலை அவளுக்கானது.

அடுத்து, டேட்டாபேஸ் ஓடும்போது எழுதுவதை நிறுத்தாமல் ஸ்னாப்ஷாட் எடுத்தால், கரண்ட் போன நொடியில் டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படித்தான் கிடைக்கும். ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை) எக்ஸ்எஃப்எஸ் ஆக இருந்தால் அந்த ஸ்னாப்ஷாட் மவுண்ட் ஆகவே (திறந்து பார்க்க இணையவே) மறுக்கும், மூலத்துக்கும் இதற்கும் யுயுஐடி என்ற அடையாள எண் ஒன்றே என்பதால். மவுண்ட் கட்டளையில் 'நோயுயுஐடி' என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அதே டிஸ்கில் கிடக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் போகும். அதைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் வேறு கணினிக்கு நகலெடுத்து, ஸ்னாப்ஷாட்டை உடனே நீக்க வேண்டும். விட்டுவைத்தால் எழுதும் வேகம் குறையும். அந்த நகலிலிருந்து திரும்ப மீட்டும் பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் நள்ளிரவு அழைப்புகள் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு மாதம் அவள் சலிக்காமல் உட்கார்ந்தால், உங்கள் கைக்கு எட்டும் கட்டணத்தில் சாதாரண கணினிப் பட்டமோ டிப்ளமோவோ போதும். சலித்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு பார்க்கலாம். அதுவரை அடகுப் பத்திரத்தில் கையெழுத்து போடாதீர்கள்.