ஹார்ட் டிஸ்கில் 'டிக் டிக்' சத்தம்: முதலில் என்ன செய்வது?

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறீர்கள், கணினியில் ஃபைல் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது, நடுநடுவே 'டிக் டிக்' சத்தம், ஃபார்மட் செய்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. முதலில் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

வேறொரு டிஸ்கில், திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் காப்பி எடுங்கள்: கணக்கு, குடும்பப் படங்கள். சினிமாவெல்லாம் கடைசியில். செக்டிஸ்க் (விண்டோஸில் டிஸ்கைச் சோதிக்கும் கருவி) இப்போது வேண்டாம். பழுதான இடங்களையும் தேடச் சொன்னால் அது டிஸ்க் முழுவதையும் படிக்க வைக்கும், தள்ளாடும் டிஸ்க் அதிலேயே படுத்துவிடலாம். சத்தம் விடாமல் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். டிஸ்கின் உள்ளே படிக்கும் முனை, சுழலும் தட்டில் உரசினால் தகவல் இருக்கும் பூச்சே சுரண்டப்பட்டுவிடும். ஃப்ரீசரில் வைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், உள்ளே ஈரம் படியும்.

காப்பி எடுத்த பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'ஸ்மார்ட்' விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் கணக்கை, பாருங்கள். பழுதான இடங்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு (இந்த மென்பொருளில் வழக்கமாக 05, C5, C6 என்று தெரியும்) நேரே மூல மதிப்பு (Raw Values) பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றியே ஆக வேண்டும். 199 (C7) மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறுதான். என் டிஸ்க் போய்விட்டது என்று நானே ஒருமுறை ராயபுரத்திலிருந்து ரிச்சி தெருவுக்கு ஓடினேன். மாற்றியது டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் வெறும் சாட்டா கேபிள்!

டிஸ்க் கணினிக்கே தெரியவில்லை, தகவலும் முக்கியம் என்றால் மீட்பு ஆய்வகம்தான் வழி. கடையில் திறந்து பார்க்க விடாதீர்கள், உள்ளே ஒரு தூசி போனாலே ஆபத்து.